தோட்டா நிரப்பும் பிரஸ்: எதை வாங்குவது?



கிள்ளானில் குடியிருக்கும் அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரில் ஒப்பந்த வேலையில் இருக்கிறார். அங்கே ஒரு சுடும் கழகத்தில் சேர்ந்து, முறைப்படி உரிமம் பெற்று, கைத்துப்பாக்கியும் ரைபிளும் சுடப் பழகிவருகிறாராம். கடைத் தோட்டாவின் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கிவந்து மறுபடி நிரப்பிக்கொள்ள ஓர் இயந்திரம் வாங்கலாம் என்று நினைக்கிறார். உரிமம் உள்ளவர்கள் தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ள அந்நாட்டில் இடமுண்டு.

"கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா விழுகிற இயந்திரம் இருக்கிறதாமே, அதை வாங்கட்டுமா அப்பா என்று கேட்கிறான். எனக்கு லேத்து தெரியும், பிரஸ் தெரியும், துப்பாக்கி தெரியாது. நீங்கள் விளக்கிச் சொன்னால் உதவியாக இருக்கும்" என்று எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், இன்னொரு வரியும் இருந்தது: "வேலை முடிந்து ஊர் திரும்பும்போது இயந்திரத்தையும் கப்பலில் போட்டுக் கொண்டுவந்துவிடலாம் என்கிறான். அதில் தடை ஏதும் உண்டா?"

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது நமக்குச் சற்றுத் திடுக்கிட்டது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம்.

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது. பித்தளைக் கூடு ஒன்று. கூட்டின் அடியில் பதிந்திருக்கும் சிறு கேப்பு இரண்டு. ஆங்கிலத்தில் இதைப் பிரைமர் என்பார்கள். உள்ளே இருக்கும் மருந்து மூன்று. வாயில் செருகியிருக்கும் குண்டு நான்கு. விசையை இழுத்ததும் ஊசி கேப்பைத் தட்டுகிறது. கேப்பு பொறி கக்குகிறது. மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டை முன்னே தள்ளுகிறது. அந்த நொடியில் கூடு என்ன செய்கிறது தெரியுமா? உள்ளிருக்கும் அழுத்தத்தால் உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னால் கசியாமல் அடைத்துவிடுகிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றுச் சுருங்கி, வெளியே வர இடம் கொடுக்கிறது. நூற்றுக்கு 70 பங்கு தாமிரமும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைக்கு இந்த நெகிழ்வு உண்டு. அதனால்தான் இரும்புக் கூடும் அலுமினியக் கூடும் வந்த பின்னும் பித்தளை தன் இடத்தை விடவில்லை. குண்டு போய்விட்டது, மருந்து எரிந்துவிட்டது, கேப்பு செத்துவிட்டது. கூடு மட்டும் கையில் நிற்கிறது. நான்கில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான். அதைத் தூக்கியெறிய யாருக்கு மனம் வரும்?

ஆனால் அந்தக் கூடு பழைய கூடு அல்ல. சற்று உப்பியிருக்கிறது. ஆகவே அதை ஒரு எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பட்டறைக்காரர்கள் டை என்று சொல்கிற அதே பொருள்தான் இது. பிறகு செத்த கேப்பைத் தள்ளி எடுத்துப் புதுக் கேப்பைப் பதிக்க வேண்டும். கூட்டின் வாயைச் சற்று விரிக்க வேண்டும். மருந்தை அளந்து போட வேண்டும். குண்டை வைத்துச் சரியான ஆழத்துக்கு அழுத்த வேண்டும். கடைசியாக வாயை மெல்ல இறுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதை எந்த முறையில் செய்வது என்பதில்தான் இயந்திரத்துக்கு இயந்திரம் வித்தியாசம்.

ஒரு சிறு செய்தியை இங்கேயே சொல்லிவிடுவோம். எல்லாக் கூட்டையும் மறுபடி நிரப்ப இயலாது. கேப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று இங்கிலாந்தின் ராணுவ அதிகாரி பாக்ஸர் வகுத்தது. மற்றொன்று அமெரிக்கர் பெர்டன் வகுத்தது. இரண்டும் 1860-களில் பிறந்தவை. பாக்ஸர் வகையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை; டையிலுள்ள ஊசி நேரே இறங்கிப் பழைய கேப்பைத் தள்ளிவிடும். பெர்டன் வகையில் இரண்டு சிறு துளைகள். ஊசி இறங்கினால் ஊசிதான் ஒடியும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் கண்ட முறையை அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கர் கண்ட முறை ஐரோப்பாவிலும் பல நாட்டு ராணுவங்களிலும் நிலைத்துவிட்டது. மகன் மைதானத்தில் கூடு பொறுக்கும்போது உள்ளே வெளிச்சத்தில் பார்த்து, ஒற்றைத் துளையா என்று தெரிந்துகொள்வது நல்லது.

இனி, பிரஸ்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வாய்வழியே கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருக்கலாம். நரிக்குறவர்கள் அதில் கெட்டிக்காரர்கள். மருந்தைக் கொட்டி, நாரைத் திணித்து, ரவையைப் போட்டு, கோலால் இடிப்பார்கள். ஒரு வெடிக்கு ஒரு முறை, எல்லாம் கண்முன்னே. தோட்டா வந்த பிறகு அதே வேலையைக் கூட்டுக்குள் செய்ய ஒரு கருவி வேண்டியதாயிற்று. 1884-இல் அமெரிக்காவின் ஐடியல் நிறுவனம் பாக்குவெட்டி போன்ற ஓர் இடுக்கியை விற்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் மேசையில் முடுக்கும் பிரஸ்கள் பெருகின.

அவற்றில் மூன்று வகை. நேயர்களுக்கு எளிதில் விளங்கும்படி சொல்கிறோம்.

வீட்டில் ஒரு தோசைக்கல். அதில் ஒரே ஒரு தோசை. மாவு ஊற்றி, எண்ணெய் விட்டு, திருப்பி, எடுத்து, பிறகுதான் அடுத்தது. ஒற்றை பிரஸ் ஏறத்தாழ இப்படித்தான். ஒரு நேரத்தில் ஒரு டை. ஒரு இழுப்புக்கு ஒரே வேலை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இதில் நூறு கூடுகளுக்கும் முதல் வேலையை முடித்துவிட்டு, டையை மாற்றி, நூறுக்கும் இரண்டாம் வேலையைச் செய்வார்கள். மணிக்கு 50 தோட்டா ஆனால் நல்ல வேகம். ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் ராக் சக்கர் இந்த வகையில் பெயர் பெற்றது. வார்ப்பிரும்பு உடம்பு. நாம் அறிந்தவரை அது தேய்ந்து போயிற்று என்று யாரும் குறைசொல்லக் கேட்டதில்லை.

இரண்டாவது, சுழல்தலை பிரஸ். நான்கு டைகளையும் ஒரு தலையில் வைத்திருப்பார்கள். கூடு ஒரே இடத்தில் இருக்கும், தலை திரும்பும். நான்கு இழுப்பில் ஒரு தோட்டா. மணிக்கு 100 முதல் 150 வரை வரும். லீ நிறுவனத்தின் சுழல்தலை பிரஸ் தானாகவே தலையைத் திருப்பிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் கிள்ளான் அன்பரின் மகன் கேட்பது. புரோகிரஸிவ் பிரஸ் என்பார்கள். நாம் தொடர் பிரஸ் என்று சொல்வோம். இதற்குப் பிரிக்பீல்ட்ஸ் உணவகத்துக்குத்தான் போக வேண்டும். காலை எட்டு மணிக்கு அங்கே மாஸ்டர் நீளக் கல்லின் முன் நிற்கிறார். இந்த முனையில் ஒரு தோசைக்கு மாவு; அடுத்ததற்கு எண்ணெய்; அதற்கடுத்ததற்கு மசாலா; நான்காவது மடிப்பு; ஐந்தாவது தட்டுக்குப் போகிறது. ஒவ்வொரு நொடியும் ஐந்து தோசை ஐந்து பருவத்தில் இருக்கின்றன. தொடர் பிரஸிலும் அப்படியே. ஒரு வட்டத் தட்டில் நான்கைந்து கூடுகள் உட்கார்ந்திருக்கும். மேலே நான்கைந்து டைகள். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒன்று அளவுக்கு வருகிறது, ஒன்றில் மருந்து விழுகிறது, ஒன்றில் குண்டு இறங்குகிறது, ஒன்று இறுகுகிறது. தட்டு ஒரு படி சுழல்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் முடிந்த தோட்டா ஒன்று கிண்ணத்தில் விழுகிறது. மணிக்கு 400, 500 என்று போகும்.

இந்த இயந்திரம் நேற்று வந்ததல்ல. கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ஸ்டார் என்ற பட்டறை இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்தது. அது பெரும்பாலும் போலீஸ் துறைகளும் கழகங்களும் வாங்கக்கூடிய பொருளாக இருந்தது. தனியார் மேசைக்கு அது பரவலாக வந்ததற்கு 1970-களுக்குப் பிறகு அரிசோனாவில் மைக் டில்லன் செய்த இயந்திரங்கள் முக்கியக் காரணம். இன்று டில்லன், ஹார்னடி, லீ, ஆர்.சி.பி.எஸ். எல்லோரும் செய்கிறார்கள்.

எது வாங்கலாம் என்று கேட்டால், விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வோம். மாதம் எத்தனை தோட்டா சுடுகிறார்? 500 என்றால், ஒற்றை பிரஸில் 10 மணி நேர வேலை. சுழல்தலையில் ஏறத்தாழ மூன்றரை முதல் ஐந்து மணி. தொடர் பிரஸில் ஒரு மணி. மாதம் 40 ரைபிள் தோட்டா மட்டும் என்றால் ஒற்றை பிரஸே போதும்; ஒரு சனிக்கிழமை முற்பகல் முடிந்துவிடும். கைத்துப்பாக்கிப் போட்டிக்காரர்தான் தோட்டாவைத் தண்ணீராகச் செலவழிப்பவர். அவருக்குத்தான் தொடர் பிரஸ் பிழைப்பு.

இங்கே கைத்துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் வருகிறது. கடைக்காரர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை. கைத்துப்பாக்கிக் கூடு பெரும்பாலும் நேர் உருளை. டங்ஸ்டன் கார்பைடு வளையம் வைத்த டை இருந்தால் எண்ணெய்கூடத் தடவ வேண்டாம். போட்டு இழுத்துக்கொண்டே போகலாம். ரைபிள் கூடு அப்படியல்ல. பாட்டில் போலக் கழுத்துள்ளது. மசகு தடவாமல் டைக்குள் விட்டால் சிக்கிக்கொள்ளும். சிக்கிய கூட்டை எடுக்க நம் பிட்டர் அன்பரைப் போன்றவர் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கும்! தடவிய மசகைப் பிறகு துடைக்க வேண்டும். போதாததற்கு, சுடச்சுடக் கழுத்து நீளும். நீண்ட கழுத்தை வெட்டிச் சரிசெய்யாவிட்டால், துப்பாக்கி அறையின் முனை அதை நெரித்துக் குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் எல்லை மீறும். ஆகவே ரைபிளுக்குத் தொடர் பிரஸ் வாங்கினாலும் ஒரே ஓட்டமாக முடியாது. ஒரு ஓட்டம் அளவுக்குக் கொண்டுவர. நடுவில் இறக்கி, துடைத்து, அளந்து, வெட்டி, மறுபடி இரண்டாவது ஓட்டம். பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு பாதியாகிவிடும். நீளக் குச்சி போன்ற ரைபிள் மருந்து மருந்தளவியில் சீராக இறங்காது என்பது இன்னொரு தொல்லை. உருண்டை மருந்து மணல் மாதிரி இறங்கும்.

இரண்டும் வேண்டும் என்பவர் இரண்டுக்கும் பொருந்தும் இயந்திரமா என்று பார்க்க வேண்டும். டில்லனின் ஸ்கொயர் டீல் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மட்டுமே உரியது; அதற்கென்று தனி டைகள். அதே நிறுவனத்தின் 550 நான்கு நிலை கொண்டது, இரண்டுக்கும் ஆகும், தட்டைக் கையால் திருப்ப வேண்டும். 750-உம் ஹார்னடியின் தொடர் பிரஸும் ஐந்து நிலை. தட்டு தானே சுழலும். ஒரு ரகத்திலிருந்து இன்னொரு ரகத்துக்கு மாற்ற டை, தட்டு, சில்லறை உறுப்புகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை. இயந்திரத்தின் விலையைக் கேட்டுவிட்டு இதைக் கேட்காமல் வருகிறவர்கள் உண்டு. மாடு வாங்கிவிட்டுக் கயிறு வாங்கக் காசில்லாமல் நிற்பவர் கதைதான்.

நான்கு நிலையா, ஐந்து நிலையா? கையால் திருப்புவதா, தானே சுழல்வதா? இந்தக் கேள்வியில் சற்று நிற்போம். மகனின் உயிர் இதில் அடங்கியிருக்கிறது.

கைத்துப்பாக்கித் தோட்டாவில் மருந்து மிகக் கொஞ்சம். பொற்கொல்லர் கணக்கில் இரண்டு மூன்று குன்றிமணி எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டின் அடியில் அது ஒரு மூலையில் கிடக்கும். பல ரகங்களில் அதே கூட்டில் இன்னொரு பங்கு மருந்து விழுந்தாலும் இடம் இருக்கும், வெளியே வழியாது, மேலே குண்டு வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சுடும்போது தெரியும். துப்பாக்கி கையிலேயே பிளக்கும். இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். மருந்தே விழாமல் தோட்டா முடிந்துவிடும். சுட்டால் கேப்பின் வலு மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவழியில் நிறுத்திவிடும். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக இருக்கும். அவசரக்காரர் அடுத்ததைச் சுடுவார். அடைபட்ட குழலில் இரண்டாவது குண்டு போய் முட்டும்.

ஒற்றை பிரஸில் இந்தத் தவறு நேர்வது அரிது. ஐம்பது கூடுகளில் மருந்து போட்டு, ஒரு மரப்பலகையில் வரிசையாக நிறுத்தி, விளக்கைப் பிடித்து, எல்லாக் கூட்டுக்குள்ளும் ஒரே மட்டம்தானா என்று பார்த்த பிறகே குண்டு வைப்பார்கள். தொடர் பிரஸில் அந்தப் பார்வைக்கு ஒரு நொடிதான் கிடைக்கும். கையால் திருப்பும் தட்டில், திருப்ப மறந்து மறுபடி இழுத்தால் அதே கூட்டில் இரண்டாம் பங்கு விழும். தானே சுழலும் தட்டில் அந்த மறதிக்கு இடமில்லை. ஆனால் கேப்பு சரியாக இறங்காமல் பாதி இழுப்பில் முட்டும்போது, கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டுகிறோம் அல்லவா, அப்போதுதான் கணக்குத் தவறுகிறது. தோசை மாஸ்டரிடம் யாரோ வந்து பில் கேட்கிறார். அவர் திரும்பிப் பதில் சொல்லிவிட்டு மறுபடி கல்லைப் பார்க்கிறார். எதற்கு எண்ணெய் விட்டோம் என்று ஒரு கணம் தெரியவில்லை. தோசைக்கு இரண்டு தடவை எண்ணெய் விட்டால் சாப்பிடுகிறவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான்.

ஆகவே ஐந்து நிலை உள்ளதையே வாங்கச் சொல்வோம். ஐந்தாவது நிலையால் ஒரு வசதி உண்டு. மருந்து விழுந்த அடுத்த நிலையில் மருந்து மட்டத்தைத் தொட்டுப் பார்க்கும் ஒரு சோதனைக் கருவியை வைக்கலாம். மட்டம் கூடினாலோ குறைந்தாலோ சில வகைகள் மணியடிக்கும். சில வகைகள் இயந்திரத்தையே நிறுத்திவிடும். நான்கு நிலை பிரஸில் நான்கு வேலைக்கே நான்கு இடமும் சரியாகிவிடும். கருவி இருந்தாலும் கண்ணை எடுக்கக் கூடாது. கூட்டுக்குள் வெளிச்சம் விழும்படி ஒரு சிறு விளக்கைப் பிரஸின் மேல் பொருத்திக்கொள்வது மிக மலிவான பாதுகாப்பு. இயந்திரம் முட்டினால், தட்டில் உள்ள எல்லாக் கூட்டையும் இறக்கி, மருந்தைக் கொட்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து கூட்டின் மருந்து வீணானால் ஒரு வெள்ளிகூட ஆகாது. தொலைபேசியும் தொலைக்காட்சியும் அந்த அறைக்கு வெளியே இருக்கட்டும்.

இன்னும் சில. கேப்புகள் நூறு நூறாக ஒரு குழாயில் அடுக்கி நிற்கும். ஒன்று நசுங்கி வெடித்தால் மற்றவையும் தொடர்ந்து வெடிக்கக்கூடும். அந்தக் குழாயைச் சுற்றி எஃகுக் கவசம் உள்ள இயந்திரமா என்று பாருங்கள். கண்ணாடி அணியாமல் கைப்பிடியைத் தொடக் கூடாது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். கைத்துப்பாக்கி மருந்து ரைபிள் கூட்டுக்குள் போய்விட்டால் அது மருந்தல்ல, குண்டுவெடிதான். எவ்வளவு மருந்து என்பதை மருந்து செய்யும் நிறுவனம் அச்சிட்ட பட்டியலில் பார்த்துத்தான் போட வேண்டும். நண்பர் சொன்னார், கழகத்தில் சொன்னார்கள் என்பதெல்லாம் ஆகாது. அதனால்தான் நாமும் இந்த உரையில் அளவு எதையும் சொல்லவில்லை. நல்ல தராசு ஒன்றும் அதைச் சரிபார்க்கும் எடைக்கற்களும் பிரஸோடு சேர்ந்த செலவு. ஈயத் தூசி கையில் ஒட்டும். வேலை முடிந்ததும் கழுவாமல் சாப்பாட்டுக்குப் போகக் கூடாது. குழந்தைகள் அந்த மேசைப் பக்கம் வரக் கூடாது.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் ஒற்றை பிரஸிலோ சுழல்தலையிலோ ஆறு மாதம் பழகுவது நல்லது என்று பழைய கைகள் சொல்கிறார்கள். நமக்கும் அதுவே சரி என்று படுகிறது. தொடர் பிரஸையே முதலில் வாங்கிவிட்டால், தட்டில் ஒரே ஒரு கூட்டை மட்டும் வைத்து, ஒவ்வொரு நிலையாக நடத்திப் பார்த்து, ஒவ்வொரு நிலையிலும் எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துப் பழகலாம். நூறு தோட்டா அப்படிப் போகட்டும். அப்போதுதான் கைப்பிடியின் ஒவ்வொரு சிறு எதிர்ப்பும் எதனால் என்று கைக்குத் தெரியும். கிள்ளான் அன்பருக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை. லேத்தில் வெட்டும் உளியின் சத்தத்தைக் கேட்டே மழுங்கிவிட்டது என்று சொல்லக்கூடியவர் அவர்.

இனி அந்தக் கடைசி வரி. கப்பலில் கொண்டுவரலாமா?

கொண்டுவர வேண்டாம்.

பெர்த்தில் ஒரு பொழுதுபோக்காக இருப்பது நம் நாட்டில் முற்றிலும் வேறு பொருள். 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்க மட்டுமல்ல, தோட்டா வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். காற்றுத் துப்பாக்கிக்கும் அப்படியே. தோட்டா தயாரிக்க உரிமம் தனி. மருந்து 1957-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்குள் வருகிறது. காட்டுப்பன்றிக்காகத் தோட்டப்புறத்தில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவரும் தோட்டாவை உரிமம் பெற்ற கடையில் கணக்கோடுதான் வாங்குகிறார். உரிமமில்லாமல் தோட்டா வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கிக் குற்றங்களுக்கென்றே 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டம் வேறு இருக்கிறது. இதில் பழைய இயந்திரம், வெறும் இரும்பு என்று சுங்கத் துறையிடம் வாதாடிக்கொண்டிருக்க முடியாது.

இந்தக் கடுமைக்கு ஒரு வரலாறு உண்டு. அது கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே, நம்மவர் ஒருவர் மேலேயே எழுதப்பட்ட வரலாறு. இளைய நேயர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

1948-இல் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் மரண தண்டனை என்பது அப்போதைய விதி. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ். ஏ. கணபதி. தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்தவர். தோட்டத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர் என்று பல இனத்தாரும் சேர்ந்திருந்த சம்மேளனம் அது. 1949-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் ரவாங்கை அடுத்த வாட்டர்ஃபால் தோட்டத்தருகே அவர் பிடிபட்டார். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டது ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும். வழியில் கிடந்த துப்பாக்கியை ஒப்படைக்கக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன் என்று அவர் சொன்னார். மார்ச் மாதத்திலேயே கோலாலம்பூர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. இந்திய அரசு தலையிட்டுக் கேட்டுக்கொண்டும் பயனில்லை. மே 4-ஆம் நாள் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். பிடிபட்டதற்கும் தூக்குக்கும் இடையில் 64 நாள்.

அவர் செய்தது சரியா, அவருடைய அரசியல் சரியா என்பதெல்லாம் வேறு விவாதம். நாம் கவனிப்பது அந்த ஆறு தோட்டாவை. மணிக்கு 500 என்று ஓடும் தொடர் பிரஸ் அந்த ஆறையும் முக்கால் நிமிடத்தில் கிண்ணத்தில் போட்டுவிடும்.

அவசரகாலம் 1960-இல் முடிந்தது. அந்த விதி வேறு உருவில் தொடர்ந்தது. 1960-இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் மரண தண்டனை. 1977-இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கே அந்தத் தண்டனை விதிக்கப்பட்டது; நாடே பேசிய பிறகு அது குறைக்கப்பட்டது. அச்சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. கட்டாய மரண தண்டனை என்பதும் 2023 ஜூலையில் நீங்கியது. ஆயினும் நீண்ட காலச் சிறையும் பிரம்படியும் இன்றும் சட்டத்தில் இருக்கின்றன.

அப்படியானால் நம் நாட்டில் தோட்டாவே செய்வதில்லையா என்று கேட்கலாம். செய்கிறார்கள். அதே ரவாங்குக்குப் பக்கத்தில், பத்து ஆராங்கில். 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டிய ஊர் அது. சுரங்கம் மூடிய பிறகு அவ்வூரில் எஸ்.எம்.இ. ஆர்ட்னன்ஸ் தொழிற்சாலை எழுந்தது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் வேண்டிய தோட்டாக்கள் அங்கே உருவாகின்றன. அங்கும் தத்துவம் அதே தத்துவம்தான்: ஒரு கூடு நிலைக்கு நிலை நகர்ந்து முழுத் தோட்டாவாவது. பார்க்கும் கண்களும் எடுக்கும் கணக்கும்தான் அதிகம்.

நம் ஊர் இளைஞர்களுக்குச் சுடும் விளையாட்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2017 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிக்குச் சுபாங்கில் உள்ள தேசியச் சுடுதளத்தில்தான் சுட்டார்கள். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்ட நூர் சுரியானி தைபி நம் நாட்டவர். அவர் சுட்டது பத்து மீட்டர் காற்று ரைபிள். அதற்குக் கேப்பும் இல்லை, மருந்தும் இல்லை, பிரஸும் இல்லை. கழகத்தின் மூலம், உரிமத்தோடு, அதில் தொடங்கலாம்.

கிள்ளான் அன்பருக்கு நாம் எழுதிய பதில் இதுதான். மகன் பெர்த்தில் இருக்கும்வரை சுழல்தலை பிரஸில் தொடங்கட்டும். மாதம் 500-ஐத் தாண்டினால் ஐந்து நிலைத் தொடர் பிரஸ் வாங்கி, மருந்து சோதனைக் கருவியையும் சேர்த்துப் பொருத்தட்டும். இரண்டாம் கைப் பொருளாக அங்கேயே நல்ல விலைக்குப் போகும். ஊர் திரும்புமுன் பிரஸ், டை, மருந்து, கேப்பு எல்லாவற்றையும் கழக நண்பர்களுக்கு விற்றுவிடட்டும். பிறகு, மைதானத்துக்கு எடுத்துப்போன பையையும் காற்சட்டைப் பைகளையும் உதறிப் பார்க்கட்டும். துணி மடிப்பில் மறந்து தங்கிய ஒரே ஒரு தோட்டா விமான நிலையத்தில் எத்தனையோ பேரை நிறுத்தியிருக்கிறது. நினைவுக்காகக்கூட வெற்றுக் கூடு ஒன்றையும் பெட்டியில் போட வேண்டாம். முடிந்தால் அந்தப் பையையே அங்கே விட்டுவிட்டுப் புதுப் பை வாங்கிக்கொண்டு வரட்டும்.